கழுத்துப் பட்டியும் தகரச் சீட்டும்

சிறு உலோகப் பொருள்களைத் திரட்டுவதும், மிகையானவற்றைப் பிறரோடு மாற்றிக்கொள்வதும் நெடுங்காலமாக நிலவிவரும் பழக்கமாகும். நாணயம், பதக்கம், பொத்தான், படைச்சின்னம் எனத் திரட்டப்படும் பொருள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளதேயன்றித் திரட்டும் ஆசை மாறவில்லை. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே வீரர் யார், அலுவலர் யார் என வேறுபடுத்தி அறிவதற்காகச் சாதாரண அட்டைச் சின்னங்கள் அணியப்பட்டன. இன்று ஒலிம்பிக் நடைபெறும் நகரங்களின் வீதிகளிலே ஆயிரக்கணக்கிற் கைமாறும் எனாமல் சின்னங்கள் அவற்றின் வழித்தோன்றல்களே. அடையாளம் காட்டப் பிறந்த பொருள் பண்டமாற்றுப் பொருளாக முடிந்த வரலாறு அது.

இவ்வாசையை ஒழுங்கான வணிக முறைமையாக வகுத்து நடத்தும் ஆற்றல் அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களுக்கே வாய்த்தது. புளோரிடா மாநிலத்தில் 1971இல் திறக்கப்பட்ட வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்காவில், 1999ஆம் ஆண்டு, புத்தாயிரமாம் ஆண்டுக் கொண்டாட்டங்களையொட்டிப் 'பின்' பரிமாற்றம் என்னும் விளையாட்டுத் தொடங்கப்பட்டது. உலோகத் தகட்டிலே பள்ளம் பொறித்து, அப்பள்ளங்களை வண்ண எனாமலால் நிரப்பி, பின்புறத்தில் ஊசி பொருத்திய சிறு சின்னங்களே இப்பின்கள். பூங்காவுக்கு வருவோர் அவற்றைக் கடையில் விலைகொடுத்து வாங்கி, ஒரு நாடாவிற் குத்தி, அந்நாடாவைக் கழுத்துப் பட்டியாக அணிந்து உலாவுவர். ஊழியர்களும் அவ்வாறே அணிந்து நிற்பர். வருபவர் விதிகளுக்கமைந்த தமது பின்னொன்றை நீட்டி ஊழியரிடமுள்ள ஒன்றைக் கேட்பாராயின் ஊழியர் மறுத்தல் ஆகாது. சில பின்கள் குறித்த எண்ணிக்கையிலேயே வெளியிடப்படுகின்றன. அவ்வெண்ணிக்கை பின்புறத்தில் பொறிக்கப்படுகின்றது. எண்ணிக்கை குறையக் குறையப் பூங்காவுக்கு வெளியே விலை ஏறுகின்றது. விலை ஏறவே போலிகளும் பெருகியுள்ளன.

இதனை முதலாளித்துவத்தின் சிறுபிள்ளைத்தனம் என்று எள்ளி ஒதுக்குதல் எளிது, நியாயமன்று. அப்பின்னுக்குப் பூங்காவுக்கு அப்பாற்பட்ட கடந்தகாலம் எதுவுமில்லை. மாற்றப்படுவதற்கென்றே அது வார்க்கப்பட்டது. பத்துக் கழுத்துகள் மாறினாலும் அதிலிருந்து எதுவும் இழக்கப்படுவதில்லை. ஒரு குழந்தை மகிழ்ந்தது என்பதே மிச்சம். (அதனை வார்த்துத் தந்த தொழிற்சாலைக் கரங்களின் கதை வேறொரு கட்டுரைக்குரியது.) ஆனால் இவ்விளையாட்டின் அளவுகோல்கள் அருமை, முழுமை, பழுதின்மை என்னும் மூன்றுமாகும். இம்மூன்றையும் கடந்தகாலம் உடைய உலோகத்தின்மீது பொருத்தும்போது அது விளையாட்டாக இருப்பதில்லை. அத்தகைய உலோகத்தின் கதையை எல்லாரினும் நன்கு அறிந்திருக்க வேண்டிய மண் மாத்தளை மாவட்டமாகும்.

இலங்கைத் தோட்டங்களுக்கும் கழுத்திலே தொங்கும் உலோகம் புதியதன்று. 1901ஆம் ஆண்டளவில் 'டின் டிக்கட்' எனப்பட்ட தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்திலே ஆள் திரட்டச் செல்லும் கங்காணியிடம், தோட்டத்தைக் குறிக்கும் பதிவெண் பொறித்த தகர வில்லைகள் கொடுத்தனுப்பப்பட்டன. திரட்டப்பட்டோர் அவற்றைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு முகாம்களையும் கப்பலையும் புகைவண்டியையும் கடந்து வந்தனர். எழுத்தறியாத மனிதரைக் குறித்த தோட்டத்துக்குத் தவறாது கொண்டுசேர்க்கும் முகவரிச் சீட்டாக அவ்வில்லை பயன்பட்டது. பயணச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவதற்கும் அதுவே ஆதாரமாயிற்று. பொதிக்கு முகவரி ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, பொதி தனக்குரிய கூலியைத் தானே உழைத்துக் கட்டவேண்டியதில்லை என்பது மாத்திரமே.

தோட்டத்தை அடைந்தபின் தகரத்தின் வேலை முடிந்தது. காகிதத்தின் வேலை தொடங்கிற்று. 'துண்டு' என்பது அக்காகிதத்தின் பெயர். இத்தொழிலாளியின் கடனாகிய இவ்வளவு தொகையைச் செலுத்துவோருக்கு அவரை விடுவிக்க உடன்படுகிறேன் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மனிதர்கள் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921இலேயே சட்டம் இதனைத் தடைசெய்தது. பின்னைப் பரிமாறும் குழந்தைக்குத் தெரியாத ஓருண்மை இங்கு உண்டு: பரிமாறப்பட்டது உலோகமன்று, உலோகத்தை அணிந்தவரே.

இதற்கு முற்பட்டது கோப்பிக் காலத்து வில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சில்லறைக் காசுத் தட்டுப்பாட்டினைக் காரணமாகக் கொண்டு, கோப்பி வாணிபத்தில் ஈடுபட்ட நிறுவனங்கள் தத்தம் பெயர் பொறித்த செம்பு, பித்தளை வில்லைகளை வெளியிட்டன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் பெயரும் வேகந்தை ஆலையின் பெயரும் தாங்கியவை அவற்றுட் பெயர்பெற்றவை. மலைநாட்டிலே பறிக்கப்பட்ட கோப்பி கொழும்பு ஆலைகளுக்கு இறக்கப்பட்டு, அங்கே உலர்த்தித் தோல் நீக்கித் தரம் பிரிக்கப்பட்டது. அவ்வேலைக்குக் கூலியாகக் கைகளில் விழுந்தவை இவ்வில்லைகள். அரசின் காசு எக்கடையிலும் செல்லும். நிறுவனத்தின் வில்லை அந்நிறுவனம் ஒப்புக்கொள்ளும் இடத்தில் மாத்திரமே செல்லும். 1869இல் இலைநோய் கண்டு, 1880களில் கோப்பி வீழ்ந்தது. வில்லைகள் எஞ்சின.

எஞ்சியவற்றை நாணயவியலாளர் தேடி எடுத்தனர். லௌஸ்லி என்பாரின் இலங்கை நாணயங்களும் வில்லைகளும் பற்றிய பட்டியல் 1895இல் வெளிவந்தது. கொட்றிங்ரனின் 'இலங்கை நாணயங்களும் செலாவணியும்' என்னும் நூலைக் கொழும்பு நூதனசாலை 1924இல் வெளியிட்டது. இவை உழைப்பு மிகுந்த நூல்கள் என்பதில் ஐயமில்லை. இன்று உலகெங்கும் நாணய ஏலங்களில் இலங்கைக் கோப்பி வில்லைகள் ஏலம் போவதற்கு இத்தகைய பட்டியல்களே வழிசெய்தன. ஏலத்தின் மொழியை ஒருமுறை உற்றுநோக்குதல் பயன் தரும். வெளியிட்ட நிறுவனம் எது, எத்தனை அறியப்பட்டுள்ளன, எந்நிலையில் உள்ளது என்பனவே அங்குக் கேட்கப்படும் வினாக்கள். பெற்றவர் யார் என்பது வினாவே அன்று.

மூன்றாவது வினாவாகிய 'எந்நிலையில் உள்ளது' என்பது தனித்து ஆராயத்தக்கது. நாணயச் சேகரிப்பில் உயர்ந்த விலை பெறுவது புழக்கத்துக்கு வராத காசு. தேய்மானம் கூடக்கூட விலை இறங்கும். அரசன் தலை பொறித்த வெள்ளிக் காசுக்கு இவ்வளவுகோல் பொருந்தலாம். கூலி வில்லைக்கு இதனைப் பொருத்தும்போது விளைவது யாது? எந்தத் தொழிலாளியின் கையையும் அடையாத வில்லை, பெட்டகத்திலேயே கிடந்து பளபளக்கும் வில்லை, மிகப் பெறுமதி வாய்ந்ததாகின்றது. முந்தானையில் முடியப்பட்டு, அரிசிக் கடைக்குச் சென்று, மீண்டும் கணக்கப்பிள்ளையின் மேசைக்கு வந்து எழுத்து மழுங்கிய வில்லை பழுதுற்றதெனத் தள்ளப்படுகின்றது. வரலாறு எங்குப் படிந்திருக்கின்றதோ அதுவே குறை எனக் கணிக்கப்படுகின்றது. பூங்காப் பின்னின் அழகியல், கூலியின் சான்றுக்கு நீதிபதியாக அமர்த்தப்பட்டிருக்கின்றது. இதனைவிடத் தலைகீழான மதிப்பீடு பிறிதொன்று இருத்தல் அரிது.

மாத்தளைக்கு மீள்வோம் என்றால், அங்கே இம்மதிப்பீட்டின் கேடு இன்னொரு வடிவிலே தெரிகின்றது. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடு கடந்து நடந்து வந்தவர்களுக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயில். பசிக்கும் வாந்திபேதிக்கும் வழியிலே வீழ்ந்தவர் பலர். இந்நினைவு மறக்கப்படவில்லை. 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து ஓகஸ்ற் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. பேரெழுச்சியான நிகழ்வு அது.

எனினும், நடந்து வந்தோரையும் தகரச் சீட்டையும் ஒரே காட்சியிற் பொருத்திப் பேசும் வழக்கு பரவலாக உண்டு. கழுத்திலே தகரம் தொங்க வடபாதையில் நடந்தனர் என்று மேடையிற் சொல்லக் கேட்பது அரிதன்று. இது பிழையாகும். கொள்ளைநோய்த் தடுப்பினை முன்னிட்டு வடபாதை 1890களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. தகரச் சீட்டு அதன்பின் வந்தது. நடந்து வந்தவர் கழுத்தில் தகரமில்லை. தகரம் அணிந்தவர் தூத்துக்குடிக் கப்பலில் ஏறிக் கொழும்பில் இறங்கி, 1880 முதல் மாத்தளை வரை நீண்டிருந்த புகைவண்டிப் பாதையால் வந்தவர். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார்ப் பாதை திறந்தபின் மண்டபம் முகாம் வழியாக வந்தவர். இரண்டு தலைமுறைகளின் துன்பம் ஒன்றாகக் குழைக்கப்பட்டு, இரண்டுமே மங்கலாகி விட்டன. ஒவ்வொரு தகரத்தோடும் அது எந்த வீட்டிலிருந்தது, எவ்வழியாக வந்தவரது என்னும் குறிப்பு ஒட்டியிருந்திருப்பின் இக்குழப்பம் நேர்ந்திராது. பொருளை அதன் வீட்டிலிருந்து பிரிப்பது பொருளை மாத்திரம் இடம்பெயர்ப்பதன்று, காலத்தையும் இடம்பெயர்ப்பதாகும்.

சேகரிப்பாளர் சார்பிலே இரண்டு வாதங்கள் கூறப்படும். சேகரிப்பாளர் இல்லையேல் இவை யாவும் பித்தளைக்கு உருக்கப்பட்டிருக்கும் என்பது முதலாவது. இதில் உண்மையுண்டு, மறுத்தற்கில்லை. ஆனால் காப்பாற்றுவதற்கு ஒரே வழி கவர்ந்து செல்வதே என்னும் துணிபு ஏற்கத்தக்கதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப்புறப் பாடல்களைத் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனத் தந்தார். அவரும் ஒரு சேகரிப்பாளரே. அவர் சேகரித்தபின் பாடல் பாடியவளிடமே இருந்தது, ஏட்டிலும் இருந்தது. ஒன்று இரண்டாயிற்று. உலோகத்தைச் சேகரிப்பவர் வந்துசென்ற வீட்டிலோ இருந்ததும் இல்லாமற் போகின்றது. பாடலுக்குக் கைகூடிய நேர்மை தகரத்துக்குக் கைகூடாமைக்குப் பொருளின் இயல்பு ஓரளவே காரணம். கேள்வி கேட்கும் பழக்கம் இன்மையே பெருங்காரணம். பொருளை விலைக்கு வாங்குபவர் அதனோடு கதையையும் கேட்டு எழுதிக்கொள்வதை யார் தடுத்தார்?

இரண்டாவது வாதம் கனமானது. வறிய குடும்பமொன்று தன் வீட்டிலிருக்கும் பழைய தகரத்தை விற்றுப் பணம் பெறுவதைத் தடுக்கப் பட்டணத்துப் படிப்பாளிகள் யார்? நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்டுவதற்கே பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அதனைக் கண்ட மக்களிடம், விற்காதீர்கள் என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவரின் அறநெறியாகவே முடியும். இவ்வாதத்தின் நியாயம் முழுமையாக ஏற்கத்தக்கது. விற்பனையைத் தடைசெய்யக் கோருவது இங்கு நோக்கமன்று. ஆனால் இவ்விற்பனையைப் பூங்காவின் பரிமாற்றத்தோடு ஒப்பிடுக. அங்கே இருவரும் விதியை அறிவர். இருவரும் பின்புறத்து எண்ணைப் படிப்பர். லயத்து வாசலில் நடைபெறும் விற்பனையிலே ஏலவிலை வாங்குபவருக்கு மாத்திரமே தெரியும். விற்பவருக்குத் தெரிந்த கதையை வாங்குபவர் கேட்பதில்லை. வாங்குபவருக்குத் தெரிந்த விலையை விற்பவரிடம் சொல்வதில்லை. இருபுறமும் அறியாமை என்று இதனை ஒப்பேற்ற முடியாது. ஒருபுறத்து அறியாமை ஆதாயமாகின்றது; மறுபுறத்தது இழப்பாகின்றது.

அரசு காப்பாற்றும் என நம்புவோர், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது தொன்மைப் பொருளுக்கு வகுத்த எல்லையை நினைவுகூர்தல் வேண்டும். 1815 மார்ச் 2ஆம் நாள் அவ்வெல்லை. கண்டி இராச்சியம் பிரித்தானியருக்குக் கையளிக்கப்பட்ட நாள் அது. அதற்கு முற்பட்டவை தொன்மை. பிற்பட்டவை வெறும் பழசு. மலையகத் தமிழர் கோப்பியோடு வந்தவர்கள். 1820களுக்கு முன் அவர்களுக்கு இம்மலைகளிலே பொருளேதும் இல்லை. ஆகவே அவர்களுடைய முதலாவது பானை முதல் இறுதித் தகரம் வரை யாவும் அந்தக் கோட்டுக்கு இப்புறத்திலேயே விழுந்தன. எவரையும் விலக்க வேண்டும் என்று அந்நாள் தெரியப்பட்டதென்று கூறுவதற்கில்லை. ஆனால் விலக்குவதற்குத் தீய எண்ணம் எப்போதும் தேவைப்படுவதில்லை. ஒரு திகதி போதும். 1988இல் வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டம் ஏற்றுமதியை அனுமதிக்கு உட்படுத்தியது. துறைமுக வாயிலில் நின்று பெட்டியைச் சோதிக்கும் சட்டம், அப்பெட்டியிலுள்ள தகரம் இரத்தோட்டையிலிருந்து வந்ததா எல்கடுவையிலிருந்து வந்ததா எனக் கேட்கப்போவதில்லை.

இம்மக்களிடம் சான்று கேட்பதில் மாத்திரம் அரசு ஒருபோதும் சோர்ந்ததில்லை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமோ, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமைக்கு ஆதாரம் கேட்டது. வரும்போது எண்ணிட்டு, பிரட்டுக்களத்தில் எண்ணிட்டு, செக்ரோலில் நாள்தோறும் பதிந்துவைத்தவர்களிடமே வந்ததற்குச் சான்று உண்டா எனக் கேட்கப்பட்டது. 1964இன் ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியா செல்ல வேண்டியவராயினர். சென்ற குடும்பங்கள் எடுத்துச் செல்ல முடிந்தவை சிலவே. தகரப் பெட்டிகளின் அடியில் கிடந்தவை விற்கப்பட்டும் கைவிடப்பட்டும் சிதறின. சான்றின்மைக்காகத் தண்டிக்கப்பட்ட மக்களின் எஞ்சிய சான்றுகள், சான்று என்னும் தகுதி நீக்கப்பட்டு, அரும்பொருளாக விலைபோவது தற்செயலான முரண் அன்று.

மலையகத்தின் படித்த வகுப்பினருக்கும் இதிற் பங்குண்டு. அதனை மறைத்துப் பயனில்லை. தகரச் சீட்டு இழிவின் சின்னம், அது கண்ணில் படாதிருப்பதே நன்று என்று கருதுவோர் உளர். பாட்டனின் தகரத்தைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவது புரிந்துகொள்ளத்தக்க செயலே. ஆயின் வெட்கப்பட வேண்டியவர் அணிந்தவரா, அணிவித்தவரா? வேறு சிலர் எதிர்ப்புறம் சாய்ந்து, தகரத்தைத் துயரத்தின் திருவுருவாக்கி மாலை சூட்ட முனைகின்றனர். இவ்விரு திறத்தாரும் அதனைப் படிப்பதில்லை. பொறித்த எண் எந்தத் தோட்டத்தினது எனப் பதிவேட்டோடு ஒப்பிட்டு நோக்குவது இருவருக்கும் தோன்றாத வேலை.

மலைநாட்டிலே உல்லாசப் பயணிக்குக் கூடை மாட்டிச் சேலை உடுத்திக் கொழுந்து பறிப்பவளாகப் படம் எடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே பெருகிவிட்டது. துரை பங்களாக்கள் விடுதிகளாயின. கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளை செல்லும் வீதியோரம் நெடுகிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பயணிகளை வரவேற்கின்றன. ஏலமும் மிளகும் விற்பதில் ஒரு குற்றமுமில்லை. ஆனால் தோட்ட வாழ்வே கேளிக்கைப் பூங்காவாக மாறிவரும் போக்கிலே அடுத்த படி யாது என ஊகிப்பது கடினமன்று. தகரச் சீட்டின் போலிவடிவம் எனாமல் பூசி, பின்னால் ஊசி பொருத்தி, நினைவுப்பொருட் கடையிலே தொங்குமாயின் வியப்பதற்கில்லை. அன்று அதனைச் சட்டையில் குத்திக்கொள்ளும் பயணியிடம் கோபப்படுவது வீண். அவருக்கு அதன் பொருளைச் சொல்லக்கூடிய ஏடு எதுவும் எழுதப்படாதிருந்தது யாருடைய தவறு என்பதே கேள்வியாகும்.

ஏடு எழுதுவது இயலாத காரியமுமன்று. கம்பளைக்கு அண்மையில், நியூ பீகொக் தோட்டத்தின் பழைய லய அறைகளிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று 2007இல் அமைக்கப்பட்டது. அரசின் ஆணைக்குக் காத்திராது, தொழிலாளர் வாழ்ந்த அறையையே காட்சியறையாக்கியது அது. மாத்தளை மாவட்டத்துக்கு அவ்வளவுகூட உடனடித் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பதிவேடு. பேராதனையிலிருந்து மாத்தளை நகர் ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே இருக்கின்றது. கலைப்பீடத்து வரலாற்று மாணவரும் தமிழ் மாணவரும் விடுமுறையில் வீடு திரும்பும் வழியிலேயே உக்குவெலையும் இரத்தோட்டையும் எல்கடுவையும் கிடக்கின்றன. ரோமாபுரிக் காசுகள் ஈழக்கரைக்கு வந்த கதையைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் மாணவர், சொந்த வீட்டுப் பெட்டியின் அடியிலுள்ள வில்லையின் எண்ணை அறியாதிருப்பது பாடத்திட்டத்தின் குறை மாத்திரமன்று.

பொருளை வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே விட்டுவிடலாம். எண்ணெய்த்தாள் வைத்து இருபுறமும் பென்சிலால் உரசி எடுத்தால் மழுங்கிய எழுத்தும் எழும்பும். ஒளிப்படம் எடுக்கக் கைத்தொலைபேசி எல்லாரிடமும் உண்டு. விட்டமும் நிறையும் குறிக்க ஓர் அடிமட்டமும் நகைக்கடைத் தராசும் போதும். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம், யாருடைய பெட்டி, அவர் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தவர் எனக் குடும்பத்தார் கூறுவது, யார் கூறினார், எந்நாளிற் கூறினார் என்பன எழுதப்பட வேண்டும். குடும்பத்தாரின் கூற்றும் பொறித்த எண்ணும் முரண்படுமாயின் இரண்டையும் அவ்வாறே எழுதுதல் வேண்டும்; திருத்தலாகாது. பிரதியொன்று அவ்வீட்டாரிடமே கொடுக்கப்பட வேண்டும். பின்னர் அவர்கள் விற்க விரும்பின் விற்கட்டும். வாங்குபவர் அப்பிரதியையும் சேர்த்து வாங்கும்படி கேட்கட்டும். தேய்ந்த வில்லையாயின், எப்பக்கம் தேய்ந்துள்ளது, துளையின் எவ்விளிம்பு கயிறு உராய்ந்து நீண்டுள்ளது என்பதையும் குறித்தல் நன்று.